கோட்டைக்குள் அசந்து நிற்பவர்கள்

ஒரே ஒரு ஊரில், எந்த ஊர் என்று கேட்டால் உன் ஊர்தான் என்று சொல்லிவிடலாம்போல அத்தனை பக்கத்தில் இருக்கிற ஊரில், மொச்சைக்கொட்டை வடிவத்தில் ஒரு கோட்டை இருந்ததாம். அந்தக் கோட்டைக்கு ராஜாவும் இல்லை மந்திரியும் இல்லை, ராவும் பகலும் ரத்தத்தை வடிகட்டிக்கொண்டே இருக்கிறதுதான் அதற்கு வேலை. ஒருநாள் அதற்குள்ளே ஒரு திருடன் புகுந்துவிட்டான். ஒருத்தன் ரெண்டாகி, ரெண்டு நாலாகி, மஞ்சள் மஞ்சளாக வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சேதி கேட்டுத் தேசத்துச் சிப்பாய்கள் எல்லாரும் போட்டது போட்டபடி கிளம்பி, கூட்டம் கூட்டமாகக் கோட்டைக்குள் இறங்கிவிட்டார்களாம். அத்தனை பேர் வந்த பிறகு திருடன் பாடு என்ன ஆகும், நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, என்று அந்த இடத்தில் நிறுத்தி, கேட்டுக்கொண்டிருந்தவர் முகம் மலர்வதைப் பார்த்து, ரிப்போர்ட் வரட்டும், ஆனா நல்லதாத்தான் தெரியுது என்று முடித்திருந்தாள் ஆவுடைச்செல்வி. அது நேற்று. இன்றைக்கு அதே ஆஸ்பத்திரியில், அறுத்தெடுத்த சதையைச் சீவி, சாயம் ஏற்றிப் பார்க்கிற அதே அறையில், அதே மேசையில், அவளோடு மேல்படிப்புப் படிக்கிற ஜெனிட்டா கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டே, பல்லிடுக்கில் கடித்திருந்த ஹேர்பின்னை எடுக்காமலே சொன்னாள். "ஏளா, இது கிட்னில்லா. கிட்னியில இத்தன கூட்டம் கூடுனா கெட்டதுதான்."

சொல்லிவிட்டு ஹேர்பின்னைக் கொண்டையில் குத்திக்கொண்டாள். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, அடுத்த அறையில் யாரோ பேனா கேட்டார்கள், யாரோ இல்லை என்றார்கள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கண்ணாடிச் சில்லைப் பார்க்கிற மைக்ராஸ்கோப் அது, ஒருத்தி நகர்த்தினால் இரண்டு பேருக்கும் நகரும். ஜெனிட்டா நகர்த்திக்கொண்டிருந்தாள். செல்விக்குக் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. எடுத்தால் ஜெனிட்டாவின் முகத்தைப் பார்க்கவேண்டும், பார்த்தால் அவள் ஏன் உன் முகம் இப்படி வெளிறிப் போச்சு என்பாள், சொன்னால் அது நடந்ததாகிவிடும். சொல்லாதவரைக்கும் நடக்காத மாதிரிதானே. காதுக்குள், குக்கர் விசிலடிக்கும் முன்னால் சின்னதாக ஒரு மூச்சு விடுமே, அந்தச் சத்தம், விசிலாக மாறாமல் மூச்சாகவே இழுத்துக்கொண்டு போயிற்று. கெட்டதுதான். கெட்டது என்றால் எவ்வளவு கெட்டது. கண்ணாடிக்குள்ளே தண்ணீர்க் குடங்களை நெருக்கி அடுக்கினாற்போலத் தெளிந்த தெளிந்த புற்றுச் செல்கள், அதுதான் திருடன், திருடன் எத்தனை அழகாக இருக்கிறான் பார், அவனுக்கு நடுவிலே எள்ளைக் கைதவறிக் கொட்டினது மாதிரிப் பொட்டுப் பொட்டாக அவர்கள், நோயை எதிர்க்க வந்த வெள்ளணுக்கள், சிப்பாய்கள். நேற்று சாதாரணச் சாயத்தில் நீலமாக இருந்தார்கள். இன்றைக்கு ஜெனிட்டா தன் ஆராய்ச்சிக்காக ஏற்றியிருக்கிற சாயத்தில் கருப்பட்டி நிறமாக இருக்கிறார்கள். நீலமாக இருந்தபோது நல்லவர்கள். கருப்பட்டியானதும் கெட்டவர்களா. அவர்கள் அவர்களேதானே. நேற்று நின்ற இடத்தில்தானே இன்றைக்கும் நிற்கிறார்கள். மாறினது யார்? சொன்ன வாய்தான் மாறவேண்டியிருக்கிறது. பேச்சிமுத்து அண்ணாச்சி எத்தனை மணிக்கு வருகிறேன் என்றார்? மணி சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் போட்டதும் ஊருக்குக் கிளம்புமுன் ஒரு எட்டு வந்து சொல்லிட்டுப் போறேன் தாயி என்றார். தாயி என்றார்.

பேச்சிமுத்துக்கு நாங்குநேரிக்குத் தெற்கே கறிக்கடை. அவரை முதன்முதலாக அவள் பார்த்தது போன வாரம், சதை வாங்குகிற ஜன்னலில். இந்த ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு வழக்கம். ஆபரேஷன் தியேட்டரில் எடுத்ததை ஒரு டப்பாவில் போட்டு, மருந்துத் தண்ணீர் ஊற்றி, மூடி, வெளியே காத்திருக்கிற சொந்தக்காரர் கையிலேயே கொடுத்து, அந்தா அந்த நீலக் கட்டடம், அங்க கொண்டு போய்க் கொடுங்க என்று அனுப்பிவிடுவார்கள். யார் கர்ப்பப்பையை யாரோ, யார் மார்பை அவள் மாமியாரோ தூக்கிக்கொண்டு வெயிலில் வருவார்கள். பேச்சிமுத்து தன் வீட்டுக்காரி மாரிக்கனியின் இடது சிறுநீரகத்தைக் கொண்டுவந்தார். யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்த மஞ்சள் பையில் டப்பாவை இறக்கி, பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். ஜன்னலில் வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. ஆட்டுக் குண்டிக்காய் எத்தனையோ அறுத்திருக்கேன் டாக்டரம்மா, கைக்கு அடங்கும், இது என்னா கனங் கனக்கு என்றார். பிறகு, குறுக்கயா அறுப்பீங்க, நெடுக்கயா என்று கேட்டார். நெடுக்கத்தான் என்றாள். நாங்களும் அப்படித்தான் என்று தலையை ஆட்டிவிட்டு, ஏதோ தன் தொழில்காரர் கையில்தான் ஒப்படைத்திருக்கிறோம் என்ற தெம்போடு போனார். அந்த ஒரு வார்த்தையில்தான் அவர் அவளுக்குத் தெரிந்தவராகிப் போனார். அப்புறம் தினமும் வந்தார். கடையைத் தம்பி பார்த்துக்கிடுதான், எவனாவது குண்டிக்காய் கேட்டா இல்லைன்னு சொல்லச் சொல்லிட்டேன், இனிமே அதை நான் விக்க மாட்டேன் என்றார். ரிப்போர்ட் வந்துட்டா என்று கேட்கமாட்டார், எப்படித் தாயி இருக்கீக என்று கேட்பார், கேட்டுவிட்டு நிற்பார். அந்த நிற்பை எத்தனை நாளைக்குத்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும். நேற்று சில்லைப் பார்த்துவிட்டு எழுந்து வந்த நேரத்தில் அவர் ஜன்னலில் நின்றார். வாய் திறந்துகொண்டது. கதை வந்துவிட்டது. செல்விக்கு அப்படித்தான், எதையும் நேராகச் சொல்ல வராது, ஒரே ஒரு ஊரில் என்று ஆரம்பித்தால்தான் நாக்கு புரளும்.

ஆனால் பொய் சொல்லவில்லையே. பொய் சொன்னேனா? ஆறு மாதம், இல்லை அதற்கும் மேலே, மார்புப் புற்றுநோய்ச் சில்லுகளாகவே பார்த்திருந்தாள். அங்கே அவர்கள் வந்திருந்தால் நல்லது. குறிப்பாகச் சில வகைகளில், எத்தனைக்கெத்தனை வருகிறார்களோ அத்தனைக்கத்தனை அந்தப் பெண் பிழைத்துக் கிடப்பாள். எள் சிந்தினதைப் பார்த்ததும் செல்விக்கு நெஞ்சில் தானாக ஒரு வெதுவெதுப்பு வரும், மழைக்காலத்தில் வீட்டுக்குள் நாலு பேர் பேச்சுக் குரல் கேட்டால் வருமே அப்படி. பெருங்குடலிலும் அப்படித்தான் என்று படித்தாயிற்று. அப்புறம் சிறுநீரகம் மட்டும் என்ன விதிவிலக்கு, அதற்கு மட்டும் ஏன் தனிச் சட்டம், இதை எங்கே யார் சொன்னார்கள். ஜெனிட்டா சொன்னாள். போன மாசம் செமினார் எடுத்தாள், இதே தலைப்பு, கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து செல்வி தூங்கினாள். தூங்கினது நினைவிருக்கிறது. விழித்தபோது எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள், அவளும் தட்டினாள். எதற்குத் தட்டினேன், இதற்கா? ஒரு மனுஷி உயிர் பிழைக்கிற சேதியா அந்தத் தூக்கத்துக்குள் போயிற்று. கூட்டத்தைப் பார்த்தால் நல்லதுக்கென்றே நினைத்துக்கொள்வாள் செல்வி, எப்போதும் அப்படித்தான். மருத்துவக் கல்லூரி இரண்டாம் வருடத்தில் ஒருநாள் பஸ்ஸைவிட்டு இறங்கித் தெருவுக்குள் திரும்பினபோது வீட்டு முன்னால் சாமியானா போட்டிருந்தது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், பெரிய கேனில் டீ, சொந்தக்காரர்கள் கும்பல் கும்பலாக. அக்காளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள், சரி, சொன்ன நாளைக்கு முந்தியே வந்துவிட்டார்கள்போல, நிச்சயமே பண்ணுகிறார்கள்போல என்று சிரித்துக்கொண்டே நடந்தாள். தெரு நீளத்துக்கும் சிரித்தாள். டீக்காரரைப் பார்த்துச் சிரித்தாள், நாற்காலிகளில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் சிரிப்பு இருந்தது. உள்ளே சித்தப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அந்தச் சிரிப்பை மடக்கத் தெரியவில்லை. சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோய், தோலோடு ஒட்டி, இழுத்தால் வலித்தது. கல்யாண வீட்டுக்கும் அதே நாற்காலிதான், இழவு வீட்டுக்கும் அதே நாற்காலிதான். அதே கேன், அதே டீ. தெருமுனையிலிருந்து தலைகளை எண்ணி எந்த வீடு என்று சொல்லிவிட முடியுமா. நேற்று அவள் தெருமுனையிலிருந்து எண்ணியிருக்கிறாள். எண்ணி, அடுத்தவர் முகத்திலும் அந்தச் சிரிப்பை ஒட்டவைத்து அனுப்பியிருக்கிறாள். இந்நேரம் அவர் அதோடு வார்டில் நடந்துகொண்டிருப்பார். மாரிக்கனி முகத்திலும் ஒட்டியிருப்பார்.

ஜெனிட்டா சில்லை மாற்றினாள். இந்தா பாரு, இது பி.டி.-1ங்கிற சாயம், அதே இடந்தான் என்றாள். அவள் குரலில் பாடம் சொல்கிற தோரணை கிடையாது, வீட்டுக் கோலத்தைத் தோழிக்குக் காட்டுகிறவளின் குரல்தான் எப்போதும். ஏளா, வந்த பயலுக எல்லாம் எப்படி ஆயிட்டான்னு பாரு, அம்புட்டு பேர் மேலயும் இது ஏறியிருக்கு, அசதிக்கு அடையாளம் இது, வந்தான், அடிச்சான், அடிச்சு மாளல, ஆயுதத்தைக் கீழ போட்டுட்டு அப்படியே நிக்கான், கொலுவுல பொம்மை நிக்கிற மாதிரி. திருடன் கெட்டிக்காரன், நான் உங்க ஆளுதாம்லேன்னு ஒரு கையைக் காட்டுதான், இவன் சரின்னுட்டு நிக்கான். கூட்டம் கூடக்கூட, உள்ள சண்ட தோத்துக்கிட்டிருக்குன்னுதான் கிட்னியில முக்காவாசி அர்த்தம். இப்படி அவள் சொல்லிக்கொண்டே போக, செல்வி அந்தப் பொட்டுகளையே பார்த்தாள். நிற்கிறார்கள். நேற்று அவர்களை ஓடவிட்டிருந்தாள், வாளை உருவவைத்திருந்தாள். நிற்கிறவர்களை ஓடுகிறவர்கள் என்று சொன்னது அவள் கண்ணா, அவள் வாயா? இதை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது இல்லையா என்று கேட்டாள். தன் குரல் எங்கேயோ தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருவது கேட்டது. முடியாதுதான், தனியாளுக்கு முடியாது என்றாள் ஜெனிட்டா, ஆனா இதுல தரமும் நாலுல்லா, அதுக்கு மேல மோசம் கிடையாது, ஓரத்துல பாரு, செல்லெல்லாம் முறுக்கிக்கிட்டு நூல் நூலாப் போகுது, எடுத்தாச்சுன்னு சும்மா இருக்கக்கூடாத கேஸு. பிறகு அவள், சில்லிலிருந்து கண் எடுக்காமலே, இன்னொன்றும் சொன்னாள். அசந்தவர்களை எழுப்புகிற மருந்து ஒன்று இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பின்னால் கொடுத்துப் பார்க்கிற ஆராய்ச்சிக்கு இங்கேயே ஆள் சேர்க்கிறார்கள், செலவில்லை. இன்றைக்கு மத்தியானம் டாக்டர்கள் எல்லாம் கூடுகிற கூட்டத்தில் இந்த அம்மாவின் பெயரைச் சொல்லப்போகிறாள். அடுத்த கூட்டம் அடுத்த மாசம், அதற்குள் சேர்க்கிற காலம் தப்பிவிடும். "வார்டுலதான இருக்காங்க அந்தம்மா?" என்றாள்.

இருக்கிறாள். இல்லை. இருக்கிறாளா. நேற்று கதை முடிந்ததும் பேச்சிமுத்து கேட்டது இப்போதுதான் முழுசாகக் காதில் விழுகிறது, நேற்று அரைகுறையாக விழுந்தது. ஆபரேஷன் பண்ணுன பெரிய டாக்டர், மருந்து ஏத்துற டாக்டரையும் ஒருதடவ பாத்துட்டுப் போங்கன்னாரு தாயி, அவளுக்கு ஊசின்னாலே உசிரு போகும், அதெல்லாம் இனிமே எதுக்கு, அதான் சிப்பாய்க வந்துட்டாங்களே, நாளைக்கே ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருதேன் என்றார். அப்போது உள்ளேயிருந்து யாரோ செல்வி என்று கூப்பிட்டார்கள். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அவ்வளவுதான் செய்தாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் ஒருத்தியை ஊருக்கு அனுப்பியிருக்கிறாள். எழுந்து வார்டுக்கு ஓடலாம். ஓடவேண்டும். கால் எங்கே? ஸ்டூலுக்குக் கீழே இரண்டு கால்கள் தொங்கின, யாருடையவோ. ஓடிப்போய் என்ன சொல்வது. நான் சொன்னதை மறந்திருங்க என்றா. காதில் ஊற்றினதை எந்தக் கரண்டியால் எடுப்பது. இன்னொரு வழியும் இருக்கிறதே என்று மனசு மெல்ல, பூனை மாதிரி, சுவரோரமாக வந்தது. சொல்கிற வேலை உன்னுடையது இல்லை. ரிப்போர்ட் வார்டுக்குப் போகும், அவர்கள் படித்துச் சொல்லிக்கொள்வார்கள். நீ கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொள், அண்ணாச்சி வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார், போகிறவர் வாழ்த்திவிட்டுத்தான் போவார், நல்லா இரு தாயி என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு. அப்புறம் அவர்களாக வந்தால் வருவார்கள். வரமாட்டார்கள். சிப்பாய்கள் வந்துவிட்டார்கள் என்று நம்புகிறவர்கள் எதற்கு வருவார்கள்? இருமலோ இடுப்பு வலியோ வந்து, அதற்கும் கஷாயம் போட்டுப் பார்த்து, அப்புறம் வருவார்கள். அப்போது எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் முழுக்க, எள்ளாக அல்ல, உருண்டை உருண்டையாகத் திருடன். பூனை ஓடிவிட்டது. ஜெனிட்டா இப்போது நிமிர்ந்துவிட்டாள். ஏளா, என்ன செஞ்ச என்றாள். செல்வி சொன்னாள். கதையையும் சொன்னாள், சிரித்ததையும். ஜெனிட்டா வையவில்லை. கொஞ்ச நேரம் மைக்ராஸ்கோப் விளக்கின் குமிழைத் திருகி வெளிச்சத்தைக் குறைத்தாள், கூட்டினாள். நான் வேணா போய்ச் சொல்லட்டுமா என்றாள். சரி என்ற சொல் செல்வியின் தொண்டை வரை வந்து, நாக்கின் அடியில் உட்கார்ந்து, வெளியே வர ஒரு தள்ளல்தான் பாக்கி இருந்தபோது, ஜன்னலில் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

பேச்சிமுத்துதான். தனியாக இல்லை. பக்கத்தில் நைட்டிக்கு மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு, இடது விலாவைக் கையால் தாங்கிக்கொண்டு, மெலிந்த, நெற்றி அகன்ற ஒரு அம்மாள். கதையில் வந்த கோட்டைக்கு முகம் கிடையாது. இவளுக்கு இருந்தது. மூக்குத்தியைக் கழற்றின ஓட்டையில் ஒரு வேப்பங்குச்சி செருகியிருந்தது. சிப்பாய் சொன்ன பிள்ளையைப் பாக்காம வரமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கா, ரெண்டு கால்லயே சரியா நிக்க முடியல, இதுல ஒத்தக்கால் வேற என்றார் பேச்சிமுத்து. மாரிக்கனி அவரைப் பார்த்து, வாயை வச்சுக்கிட்டு இருங்க என்கிறதுபோல் முகத்தைச் சுளித்துவிட்டு, செல்வியை ஏற இறங்கப் பார்த்தாள். நீதானாம்மா, சின்னப் பிள்ளையா இருக்க என்றாள். ஆபரேஷனுக்கு அப்புறம் நேற்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன் என்றாள். ராத்திரி தூக்கம் வரலை, ஆனா பயமில்லை, உள்ளே ஏதோ நடமாட்டம் கேட்கிற மாதிரி இருந்துச்சு, நம்ம ஆளுகதானேன்னு படுத்துக் கிடந்தேன் என்றாள். செல்வி ஜன்னலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். சட்டம் சில்லென்றிருந்தது, அது ஒன்றுதான் நிஜமாக இருந்தது. கதவைத் திறந்து வெளியே வந்தாள். எதிரில் நிற்கிறவர்களுக்கும் தனக்கும் நடுவில் ஜன்னல் இருந்தால் மறுபடியும் கதை வந்துவிடும் என்று தோன்றியது.

"நான் நேத்து சொன்னது தப்பு அண்ணாச்சி."

பேச்சிமுத்து சிரித்தார். டாக்டர்மாருக்கும் விளையாட்டு உண்டு என்று நினைத்தார்போல. எது தப்பு, சிப்பாய் வரலையா என்றார். வந்திருக்காங்க, நிறைய வந்திருக்காங்க, மத்த எடத்துல அது நல்லது, அந்த நெனப்புலதான் சொல்லிட்டேன், சிறுநீரகத்துல அப்படி இல்ல என்றாள் செல்வி. வார்த்தைகள் ஒவ்வொன்றாக, ஈரத் துணியிலிருந்து சொட்டுவதுபோல் விழுந்தன, எதற்கும் அலங்காரம் இல்லை. வந்தவங்களால அடிக்க முடியல, அசந்து போய் நிக்காங்க, நோய் ரொம்ப மோசமான தரத்துல இருக்கு, எடுத்தாச்சு, ஆனா திரும்பி வரக்கூடும் என்றாள். பேச்சிமுத்துவின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. அது எப்படி இருக்கும் என்று செல்விக்குத் தெரியும். அவர் அதை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் வீட்டுக்காரியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். மாரிக்கனிதான் கேட்டாள்.

"அப்ப நான் செத்துருவேனா?"

"தெரியாதும்மா."

"நேத்து தெரிஞ்சுதே."

அதைச் சொன்ன குரலில் கோபம் இல்லை. காய்கறிக்காரியிடம் நேற்றைய விலையை நினைவுபடுத்துகிற குரல். அது செல்வியின் உச்சியில் இறங்கி உள்ளங்கால் வரை போயிற்று. அடிபட்டால் கொஞ்ச நேரம் வலிக்காது, அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் மிச்சத்தையும் சொல்லிவிடவேண்டும் என்று, மத்தியானக் கூட்டத்தை, எழுப்புகிற மருந்தை, ஊசியாகத்தான் ஏற்றுவார்கள் என்பதை, அடுத்த மாசம் என்றால் காலம் தப்பிவிடும் என்பதை, இன்றைக்கு அவள் ஊருக்குப் போகக்கூடாது என்பதை எல்லாம் சொன்னாள். பேச்சிமுத்து குறுக்கே பேசினார். மூணு ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டனே தாயி என்றார். சுடலைமாடனுக்குக் கிடா நேந்துட்டேன், நேத்தே நேந்துட்டேன், தம்பி ஆளனுப்பி கருப்புக் கிடாவா புடிச்சே கட்டிட்டான், இப்ப அந்தக் கிடாவ நான் என்ன சொல்லி அவுத்துவிட என்றார். அவர் தொழிலில் எத்தனையோ கிடாக்களைப் பார்த்தவர், இந்த ஒன்றுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

அது கெடக்கட்டும் என்றாள் மாரிக்கனி. அதுக்குக் குழையப் போடச் சொல்லுங்க, பாத்துக்கிடலாம். பிறகு செல்வியிடம் திரும்பினாள். "மருந்து போட்டா அவங்க முழிப்பாங்களா?"

"சில பேருக்கு முழிச்சிருக்காங்க. சில பேருக்கு இல்ல."

"இத நேத்தே இப்படிச் சொல்லியிருந்தா எனக்கு வெளங்கியிருக்கும்லா. நான் என்ன பச்சப்பிள்ளையா, கத கேக்க?"

மாரிக்கனி விலாவில் கையை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள், தையல் இழுத்திருக்கவேண்டும். அசந்து நிக்காங்கன்னு குத்தமா சொல்லாத என்றாள், அவ்வளவு நாளும் எனக்கு ஒண்ணும் தெரியாம இருக்கும்போதே அவங்க வந்து நின்னிருக்காங்க, யாரும் கூப்பிடாம. அடுப்படியில நின்னுக்கிட்டே தூங்கியிருக்கேன், அசதின்னா எனக்குத் தெரியும். மருந்து ஏத்துற டாக்டர் எந்தப் பக்கம் என்று கேட்டாள். ஜெனிட்டா, எப்போது எழுந்து வந்தாளோ, நான் கூட்டிட்டுப் போறேன்க்கா என்று அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி பெரிசா இருக்குமா என்று மாரிக்கனி கேட்பதும், ஜெனிட்டா சாதாரண ஊசிதான்க்கா என்பதும், பொய் சொல்லாத பிள்ள, இந்தக் கட்டடமே பொய்யிலதான் நிக்கி என்று அவள் சொல்வதும் நடையோடு நடையாக வராந்தாவில் தேய்ந்தன. மாரிக்கனி புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. வருவார் என்று தெரிந்தவள் பார்க்கவேண்டியதில்லை.

பேச்சிமுத்து வரவில்லை, நின்றார். எப்போதும் நிற்கிற நிற்பு இல்லை இது, இதற்கு முன் செல்வி பார்க்காதது. திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நல்லது, அறைந்தால்கூட நல்லது, ஏதாவது ஒன்று தோலில் வந்து விழுந்தால் உடம்பு மரத்துப்போயிருப்பது விலகும். அவர் கண் சிவந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால், கதவுக்கு உள்ளே, மேசையில் எரிந்துகொண்டிருந்த மைக்ராஸ்கோப் விளக்கைப் பார்த்தார். இன்னும் அங்கனேதான் நிக்காங்களா என்று கேட்டார். ஆமா என்றாள். ம் என்றார். ஏதோ கணக்குப் பார்க்கிறவர்போலத் தலையைக் குனிந்து நின்றவர், திடீரென்று நிமிர்ந்தார்.

"ஆட்டோவுல பையி கெடக்கு. துணிமணி எல்லாம் ஏத்திட்டேன். எறக்கணும்."

அவளிடம்தான் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை. தாயி என்று சொல்லவில்லை. மடித்துக் கட்டின சாரத்தை அவிழ்த்து மறுபடியும் இறுக்கி மடித்துக் கட்டிக்கொண்டு, படி இறங்கி, வெயிலில் நடந்தார். முதலில் நடைதான். பாதி வழி போனதும், ஆட்டோக்காரன் பையோடு கிளம்பிவிடுவானோ என்ற பயம் வந்திருக்கவேண்டும், நடை வேகமாயிற்று, அப்புறம் ஓட்டமாயிற்று, உடம்பு கனத்த மனுஷன், ஓடிப் பழக்கமில்லாத ஓட்டம். வாதாமரத்து வளைவில் ஒருத்தர் மேல் இடிக்கப் பார்த்து, கையைக் காட்டி விலகி, வாசல் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.